சாதகத்திற்கு நேரம் ஏது?

ஒரு கச்சேரி முடிந்ததும் கலைஞரைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தில் எவரேனும் ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, தாங்கள் நாள்தோறும் எத்தனை மணி நேரம் சாதகம் செய்கிறீர்கள்?" என்பதே அது. கேட்பவர் எதிர்பார்க்கும் விடை ஒரு பெரிய எண். எட்டு மணி என்றால் மகிழ்கிறார். பத்து மணி என்றால் கைகூப்புகிறார். ஒன்றரை மணி என்றால், "பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார்" என்று தமக்குள் சமாதானம் செய்துகொண்டு போகிறார். என் கருத்தில், கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று. "எப்பொழுது செய்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். "அந்த நேரத்தை உங்களுக்கு யார் தருகிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும். இவ்விரண்டு கேள்விகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தராசோடும் சோதனைக் குழாயோடும் காலம் கழிக்கும் அறிவியல் மாணவனுக்கு இசைவாணரின் நாட்குறிப்பில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் நாம் வந்து தங்கியிருக்கும் ஊர் எது? காசி! முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஊர். இரவிசங்கர் 1920-இல் பிறந்த ஊர். பிஸ்மில்லா கானின் ஷெனாய் ஒலித்த ஊர். நம் பல்கலைக்கழகத்திலேயே 1950-இல் இசைக்கென ஒரு கல்லூரி தோன்றியது. அதன் முதல் தலைவராக இருந்தவர் ஓம்கார்நாத் தாகூர். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, பாடம் உண்டு, தேர்வு உண்டு என்று காதை மூடிக்கொண்டு திரும்பிப் போவது, கங்கைக் கரையில் இருந்துகொண்டு கிணற்று நீரில் குளித்துவிட்டுப் போவதற்கு ஒப்பாகும்.

தொழில்முறைக் கலைஞர் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். சென்னையில் வாழும் பாடகர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மாணவர் வருவர். அவர்கள் போன பிறகு சபைச் செயலாளர்களோடு பேச்சு, பக்கவாத்தியக்காரர்களோடு பேச்சு, பயணச்சீட்டு, தங்குமிடம், வரவு செலவு. மாலையில் கச்சேரி. அது வெளியூரில் என்றால் முன்னும் பின்னும் ஒவ்வோர் இரவு இரயிலில் கழியும். மார்கழி வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். சில கிழமைகளுக்குள் பல சபைகளில் பாடியாக வேண்டும். சென்ற கிழமை பாடியதையே இந்தக் கிழமையும் பாடினால், "அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது" என்று சொல்ல நம்மவர் அஞ்சுவதில்லை. இவ்வளவிற்கும் இடையில் சாதகம் எந்த வாயில் வழியே நுழையும்?

மேல்நாட்டிலும் நிலைமை வேறல்ல. வியன்னாவின் பில்ஹார்மோனிக் இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. அக்குழுவினர் அந்நகர அரசு ஆப்பெரா அரங்கின் இசைக்குழுவிலிருந்தே வருகின்றனர். ஆப்பெராவில் குறைந்தது மூன்றாண்டு பணியாற்றிய பின்னரே பில்ஹார்மோனிக்கில் சேர விண்ணப்பிக்க முடியும். பருவம் தொடங்கிவிட்டால் இரவில் ஆப்பெரா, பகலில் ஒத்திகை, இடையிடையே பெருங்கச்சேரி, வெளிநாட்டுப் பயணம். தனியே அமர்ந்து தம் கருவியோடு பேச அவர்களுக்குக் கிடைப்பது இவற்றின் இடுக்கில் உள்ள நேரமே.

"நாள்தோறும் மேடையில் வாசிக்கிறார்களே, அதுவே பயிற்சி ஆகாதா?" என்று கேட்கலாம். ஆகாது என்பது என் துணிபு. மேடை என்பது செலவு. சாதகம் என்பது சேமிப்பு. மேடையில் நிற்பவர் தமக்கு நன்றாக வருவதையே செய்வார். அப்படிச் செய்வதே முறை. பணம் கொடுத்து வந்தவர்முன் தம் குறையைக் காட்டுவது அறிவுடைமையாகாது. சாதகமோ குறையைத் தேடிப் போவது. மேல் பஞ்சமத்தில் குரல் நடுங்குகிறதா, மூன்றாம் காலத்தில் விரல் பின்தங்குகிறதா, அந்த இடத்திலேயே நின்று, மெதுவாக, நூறு முறை செய்து பார்ப்பது. கச்சேரி மட்டுமே செய்துகொண்டு பயிற்சியைக் கைவிட்டவரிடம் ஆண்டுக்கு ஆண்டு நன்றாக வரும் பகுதி சுருங்கிக்கொண்டே போகும். கைதட்டல் குறையாமல் இருப்பதால் அவருக்கே அது தெரியாமலும் போகும்.

எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். நுண்தராசில் பொருளை நிறுக்குமுன், தட்டில் ஒன்றுமில்லாதபோது அது சுழியைக் காட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். நேற்றுச் சரியாக இருந்ததே என்று இன்று விட்டுவிடுவதில்லை. வெப்பம் மாறும், தூசி படியும், கருவி நம்மைக் கேளாமலே நகர்ந்துவிடும். இசைவாணர் விடியற்காலையில் தம்புராவை மீட்டி ஆதார சட்சத்தில் குரலை நிறுத்துவதும் இத்தகையதே. ஐம்பதாண்டு பாடியவரும் சரளி வரிசையை அகாரமாகப் பாடிப் பார்க்கிறார் என்றால், மறந்துவிட்டதென்று பொருளன்று. சுழி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

இனி, நம் முன்னோர் இதற்கு என்ன வழி கண்டனர் என்று காண்போம். அவர்கள் கண்ட வழி, இளமையில் பெருமுதல் சேர்த்துவிடுவது. குருகுலத்தில் ஐந்தாறு ஆண்டு, பத்தாண்டு என்று தங்கி அசுர சாதகம் செய்தனர். வடநாட்டில் "சில்லா" என்று ஒரு முறை உண்டு. நாற்பது நாள் வெளியுலகை விட்டொதுங்கி இசையன்றி வேறு நினைவின்றி இருப்பது. பிஸ்மில்லா கான் கங்கைக் கரையில் பாலாஜி கோயிலில் பல ஆண்டுகள் சாதகம் செய்தார் என்பது இவ்வூர் அறிந்த செய்தி. நடனத்தை விட்டு 1938-இல் மைஹர் சென்ற இரவிசங்கர், அலாவுதீன் கானிடம் அடங்கியிருந்து பயின்றார். அவ்வாசிரியரின் மகன் அலி அக்பர் கான் இளமையில் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் வரை பயின்றதாக அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது.

தமிழ்நாட்டில் கோயிலே அந்த வேலையைச் செய்தது. நாகசுரக் கலைஞர் காலையிலும் உச்சியிலும் மாலையிலும் அர்த்தசாமத்திலும் அந்தந்த வேளைக்குரிய இராகத்தை வாசித்தாக வேண்டும். திருவிழாவில் சுவாமி புறப்பட்டால் வீதிதோறும் நின்று ஓர் இராகத்தையே மணிக்கணக்கில் விரிக்க இடமிருந்தது. கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேளை தவறாது. கடமையும் பயிற்சியும் ஒன்றாகவே இருந்த வாழ்க்கை அது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி வானத்திலிருந்து விழுந்ததன்று. அவ்வகை வாழ்க்கையில் விளைந்தது.

இக்கதைகளைக் கேட்டு நாம் மலைத்துப் போகிறோம். மலைத்ததும் என்ன செய்கிறோம்? "பதினெட்டு மணி நேரம் நம்மால் ஆகுமா?" என்று சொல்லி, பதினெட்டு நிமிடமும் செய்யாமல் விட்டுவிடுகிறோம்! பெரியோர் பெருமை நமக்குச் சோம்பலுக்கு ஒரு சாக்காக அமைந்துவிடுகிறது. இங்கேதான் அறிவியல் சற்றுக் கைகொடுக்கிறது.

1993-இல் எரிக்சன் என்னும் உளவியலாரும் அவர்தம் துணைவரும் மேற்குப் பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிறந்தோர், நல்லோர், பள்ளி இசையாசிரியர் ஆகப் போகிறவர் என மூன்று குழுக்கள். பதினெட்டு வயதிற்குள் முதற் குழுவினர் சராசரியாக 7,410 மணி நேரமும், இரண்டாம் குழுவினர் 5,301 மணி நேரமும், மூன்றாம் குழுவினர் 3,420 மணி நேரமும் தனியே பயின்றிருந்தனர். இதிலிருந்தே பத்தாயிரம் மணி நேரம் என்ற பேச்சுக் கிளம்பியது. 2008-இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூலால் அஃது உலகெங்கும் பரவிற்று. பத்தாயிரம் மணி பயின்றால் எவரும் மேதை என்று கடைத்தெருவில் கூவத் தொடங்கினர்.

அறிவியல் அப்படிக் கூவுவதில்லை. 2014-இல் மெக்னமாராவும் பிறரும் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியபோது, இசைத்திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேற்றுமையில் நூற்றுக்கு 21 பங்கையே பயிற்சியின் அளவு விளக்கிற்று. 2019-இல் பெர்லின் ஆராய்ச்சியையே திரும்பச் செய்து பார்த்தபோது, நல்லோரும் மிகச் சிறந்தோரைவிடக் குறைவாகப் பயின்றிருக்கவில்லை. ஆகவே மணிக் கணக்கு மட்டும் மேதையை ஆக்காது. பிறவி, ஆசிரியர், தொடங்கிய வயது, வீட்டுச் சூழல் எல்லாம் சேர்ந்தே ஆக்குகின்றன. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மேதையாக முடியாதவன் நன்றாகப் பாடவும் கூடாது என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை!

பெர்லின் கட்டுரையில் எவரும் பெரிதுபடுத்தாத செய்தி ஒன்று உண்டு. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. மேலிரு குழுவினரும் தனியே பயின்றது கிழமைக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே. நாளுக்கு மூன்றரை மணி. அதுவும் ஒரே இருப்பில் அன்று. பகுதி பகுதியாக, இடையில் ஓய்வோடு. பெரும்பாலும் பகலுணவுக்கு முன் கடினமானவற்றை முடித்தனர். பிற்பகலில் சிறிது உறங்கினர். முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சியை நாளுக்கு நான்கு மணிக்கு மேல் நெடுங்காலம் தாங்குவது அரிது என்பது அவ்வாராய்ச்சியாளரின் முடிவு.

உறக்கத்தைச் சோம்பல் என்று நினைப்பவர் 2002-இல் வாக்கரும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேட்க வேண்டும். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டக் கற்றவர்கள், ஓர் இரவு உறங்கி எழுந்ததும், இடையில் ஒரு முறைகூடப் பயிலாமலே, ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு விரைவு கூடப் பெற்றனர். அதே அளவு நேரம் பகலில் விழித்திருந்தவர்க்கு அந்தப் பயன் கிட்டவில்லை. விரல் ஓய்ந்த பின்னும் மூளை சாதகம் செய்கிறது என்று சொல்லலாம்.

கருவியின்றியும் பயிலலாம் என்பதற்கும் சான்று உண்டு. 1995-இல் பாஸ்குவல் லியோனும் துணைவரும் பியானோவில் ஐவிரல் பயிற்சி ஒன்றைச் சிலருக்குக் கற்பித்தனர். ஒரு சாரார் நாள்தோறும் இரண்டு மணி விரலால் வாசித்தனர். மற்றொரு சாரார் மனத்தால் மட்டும் வாசித்தனர். ஐந்து நாளில் இருசாரார் மூளையிலும் விரலை இயக்கும் பகுதி விரிவடைந்தது. மனத்தால் வாசித்தவர் கை சற்றுப் பின்தங்கியது உண்மை. எனினும் ஒரே ஒரு முறை கருவியில் அமர்ந்ததும் மற்றவரை எட்டிப் பிடித்தனர்.

இவற்றை அறிந்துதானோ அறியாமலோ, வேலை மிகுந்த இசைவாணர் நெடுங்காலமாகவே இவ்வழியில் நடந்து வந்திருக்கின்றனர். உலகம் எழுமுன் எழுந்து ஒரு மணி நேரத்தைத் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பிறகு வரும் எந்த அழைப்பும் அதைத் தொட முடியாது. நேரம் குறைவான நாளில் வர்ணம் ஒன்றை இரண்டு காலத்திலும் பாடிவிடுகின்றனர். மூச்சு, கமகம், தாளம், இராக வடிவம் அனைத்திற்கும் ஒருசேர வேலை கொடுக்கும் உடற்பயிற்சி அது. இரயிலில் போகும்போது புதுக் கீர்த்தனையை மனத்துக்குள் ஓட்டுகின்றனர். மிருதங்கக்காரர் கோர்வையின் கணக்கைத் தொடையில் தட்டிச் சரிபார்க்கிறார். முன்பு தம்புராவைத் தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். இன்று சுருதி கைபேசியிலேயே வந்துவிட்டது. விடுதி அறையில் வயலின் பயில்பவர் குதிரையின்மேல் ஒரு சிறு ஒலியடக்கியைச் செருகிக்கொண்டால் பக்கத்து அறையில் உறங்குபவர் விழிப்பதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் திருவனந்தபுரம் இசைக் கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டு நிருவாகம் பார்த்துக்கொண்டே முன்னணிக் கச்சேரிக்காரராகவும் விளங்கினார். குரல் எளிதில் வளையாதவர் என்று பெயர் பெற்றவர் அவர். உழைப்பு நேரத்தைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டுமோ?

அளவை மீறினால் வரும் கேட்டையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் ஃபிளைஷர் (1928–2020) புகழின் உச்சியில் இருந்தபோது, 1960-களில், அவர் வலக்கை விரல்கள் தாமே மடங்கத் தொடங்கின. ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையை வாசித்தும், இசைக்குழுவை நடத்தியும், மாணவரைப் பயிற்றியும் வாழ்ந்தார். அளவிறந்த பயிற்சியும் அதற்கொரு காரணம் என்பது அவர் எண்ணம். வலியைப் பொறுப்பதே தவம் என்று இளைஞரிடம் சொல்பவர் இதை நினைவில் கொள்வாராக.

நிற்க. இதுவரை சொன்னவை யாவும் கலைஞர் தம் நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது பற்றி. அந்த நேரம் அவருக்கு எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியை நாம் கேட்பதே இல்லை. விடியலில் ஒருவர் தம்புராவோடு அமர்கிறார் என்றால், அந்த வேளையில் அடுப்பை மூட்டுபவர் யார்? குழந்தையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புபவர் யார்? வாயிலில் வந்தவரைத் திருப்பி அனுப்புபவர் யார்? பல மேதைகளின் சாதகத்திற்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் சமையலறை இருக்கிறது. ஆணின் சாதகத்தை வீடு தவம் என்று போற்றுகிறது. பெண்ணின் சாதகத்தையோ, வேலை முடிந்தபின் நேரம் இருந்தால் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது.

நம் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டு இசைப் பேராசிரியராக இருந்து, துறைத் தலைவராகவும் புலத் தலைவராகவும் உயர்ந்த என். இராஜம் அம்மையார் தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கருநாடக இசை வயலின் மரபில் வளர்ந்தவர், டி. என். கிருஷ்ணனின் தங்கை, ஓம்கார்நாத் தாகூரிடம் பயின்று, இந்துஸ்தானி இசையின் பாட்டையே வயலினில் பேச வைத்தவர். வகுப்பு, அலுவல், கச்சேரி, குடும்பம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே, மகளையும் பேத்தியரையும் வயலின் கலைஞர் ஆக்கினார். அவரை எண்ணிப் பெருமை கொள்வோம். ஆனால் அவரைக் காட்டி, "பார், அவரால் முடிந்ததே!" என்று மற்ற பெண்களைக் குறை கூறுவது அறமாகாது. பத்தாண்டு வயலின் பயின்று, திருமணத்தோடு அதை உறையில் இட்டு அலமாரிமேல் ஏற்றிவிட்ட அக்காவோ அத்தையோ இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? அவர்களிடம் இசை இல்லாமல் போகவில்லை. நாளுக்கு ஒரு மணி நேரத்தை அவர்களுக்குத் தர வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

நாகசுரக் கலைஞர் நிலையும் எண்ணத்தக்கது. கோயில் வேளைகளை விடக் கல்யாண முகூர்த்தங்களை நம்பியே இன்று பலரும் வாழ வேண்டியிருக்கிறது. முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமில்லை. மற்ற மாதங்களில் வருவாய் இல்லை. பந்தலில் அவர் வாசிக்கும்போது நாம் உரக்கப் பேசிக்கொண்டு இருக்கிறோம். கெட்டிமேளம் என்று விரலை ஆட்டும்போதுதான் அவர் இருப்பதே நமக்கு நினைவு வருகிறது. சீவாளியை நனைத்து வீட்டில் சாதகம் செய்யலாம் என்றால், சுவரோடு சுவர் ஒட்டிய நகரத்துக் குடியிருப்பில் அந்தப் பெருங்கருவிக்கு இடம் ஏது? வயலினுக்கு ஒலியடக்கி உண்டு, நாகசுரத்திற்கு ஏது?

கச்சேரிக்குக் கொடுக்கும் பணம் இரண்டரை மணி நேரத்திற்கான கூலி என்று நாம் நினைக்கிறோம். அந்த இரண்டரை மணிக்குப் பின்னால் எவரும் கூலி கொடுக்காத ஆயிரக்கணக்கான மணிகள் உள்ளன. ஆகவே, "நம் தமிழ் விழாதானே, சும்மா வந்து பாடிவிட்டுப் போங்கள்" என்று இளங்கலைஞர் ஒருவரை அழைப்பது, அவர் நாளைய சாதகத்திலிருந்து ஒரு பங்கைப் பறித்துக்கொள்வதே ஆகும். அன்பாகக் கேட்கிறோம் என்பதால் அது பறிப்பு இல்லாமல் போய்விடாது.

எனவே நம் மன்றத்தின்முன் மூன்று கருத்துகளை வைக்கிறேன். முதலாவது, விழாவிற்கு அழைக்கும் கலைஞர் எவராயினும், மாணவராகவே இருப்பினும், சிறியதோர் அன்பளிப்பாவது பணமாகக் கொடுத்தே அனுப்ப வேண்டும். பொன்னாடை சுருதி சேர்க்காது! இரண்டாவது, பொங்கலுக்கு முந்திய இரண்டு கிழமை இரவு பகலாகக் கத்திக் குரலைக் கெடுத்துக்கொள்ளும் ஒத்திகை முறை பொதுவாக எல்லா மாணவர் மன்றங்களிலும் உள்ளது. அதை விட்டு, ஆண்டு முழுதும் கிழமைக்கு மூன்று மாலை, அரை மணி நேரம் கூடிப் பாடுவோம். இருநூறு மணி நேரத்தை ஒரு மாதத்தில் கொட்டுவதினும், அரைமணி அரைமணியாய் ஆண்டெல்லாம் ஊற்றுவதே ஊறும். பயிற்சியை இடைவெளி விட்டுப் பகிர்வதே நினைவில் நிற்கும் என்பதை எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியிருக்கிறார். மூன்றாவது, கருவி பயிலும் மாணவ மாணவியர்க்கு நாளில் ஒரு மணி நேரம், எவருக்கும் இடையூறு இல்லாத ஓர் அறையைத் தேடித் தருவோம். அறை ஒன்று, பூட்டு ஒன்று, சாவியை எடுத்தவர் பெயர் எழுத ஒரு குறிப்பேடு. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை; பொறுப்பேற்க ஒருவர் இருந்தால் போதும். நான் ஏற்கத் தயார்.

"தேர்வுக் காலத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கும் நண்பர்க்கு ஒரு சொல். தேர்வு முடிந்தால் ஆய்வு வரும். ஆய்வு முடிந்தால் அலுவல் வரும். அலுவலோடு குடும்பம் வரும். வேலையில்லாத காலம் ஒன்று வரும், அப்போது வீணையை எடுப்போம் என்று காத்திருந்தவர் எவரும் வீணை வாசித்ததில்லை. இருபத்து மூன்று வயதில் அரைமணி இல்லாதவனுக்கு நாற்பதில் எங்கிருந்து வரும்? தொழில்முறை இசைவாணரிடம் நாம் கற்க வேண்டியது இதுதான். அவர்களுக்கும் நேரம் கிடைப்பதில்லை. கிடைக்காத நேரத்தில் ஒரு துண்டை நாள்தோறும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

இது இசைக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து வாழும் நமக்குத் தமிழும் ஒரு கருவியே. வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, வீட்டிற்குத் தொலைபேசியில் நாலு சொல் என்று நாள் கழிந்தால், நாவின் சுழியும் மெல்ல நகர்ந்துவிடும். வெளிமாநிலங்களில் பிறந்து வளரும் நம் தம்பி தங்கையர் பலர் தமிழைப் பேசுவர், படிக்க மாட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. நாள்தோறும் ஒரு பக்கம் படிக்க அவர்களுக்கு ஒரு வேளையை ஒதுக்கித் தர வீட்டில் எவரும் முற்படவில்லை. அரைமணி பாட்டு, ஒரு பக்கம் தமிழ்: இவ்வளவே நான் கேட்பது. விழா மேடையில் ஒருநாள் முழங்கும் பற்றினும், ஆளில்லா அறையில் நாள்தோறும் செய்யும் சிறு பயிற்சி பெரிது. அந்த அறையைத் திறந்து வைப்போம், நண்பர்களே, வாருங்கள்!